லாமிங்டன் சாலையில் பொருத்தம் பார்த்தோம்

மும்பையில் குடியேறிய தமிழர்களுள் பழைய தலைமுறையினருக்கு லாமிங்டன் சாலை என்றவுடன் சினிமாக் கொட்டகைகள் நினைவுக்கு வரும். இன்றைய இளைஞர்களுக்கோ அப்பெயர் கம்ப்யூட்டரை நினைவூட்டும். நான் பழைய தலைமுறையைச் சேர்ந்தவன். 1971ஆம் ஆண்டு திருநெல்வேலியை விட்டு இந்நகருக்கு வந்த நாள் முதலாக அச்சாலையில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். ஆயினும், அங்கே நான் கற்க வேண்டிய பாடம் ஒன்று 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரையில் காத்திருந்தது. நம் சங்கத்துக் குடும்பங்களில் யாரேனும் தம் பிள்ளைகளுக்கு முதல் கம்ப்யூட்டரைச் சேர்த்துப் பூட்ட நினைத்தால், என் அனுபவம் அவர்களுக்குச் சிறிது பணத்தையும் மனக்கஷ்டத்தையும் மிச்சப்படுத்தக்கூடும் என்பதனாலேயே இதை எழுதுகிறேன்.

அந்த மாதம் என் பேத்திக்குப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைத்தது. வீட்டில் இருந்த மடிக்கணினி என் மகனுடைய அலுவலகத்தாருக்குச் சொந்தமானது. அதைப் பிறர் தொடக்கூடாது என்பது அலுவலகத்தின் விதி. வகுப்புகள் தொடங்க மூன்று வாரங்களே இருந்தன. என் வைப்புத்தொகை ஒன்று முதிர்ந்து வந்திருந்தது. அதிலிருந்து 45,000 ரூபாயைப் பேத்திக்கென ஒதுக்கினேன். ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்கு அது பெரிய தொகை; மறுமுறை எடுத்துக் கொடுக்க இயலாத தொகை.

“தாத்தா, கடையில் முடித்து வைத்ததை வாங்க வேண்டாம். பாகங்களை வாங்கி நானே பூட்டுகிறேன். பின்னாளில் ஒரு பாகம் பழையதாகிவிட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்” என்றாள் பேத்தி. அது எனக்கும் நியாயமாகப் பட்டது. ஒரு தாளில் அவள் பட்டியல் எழுதத் தொடங்கினாள். அது முடியும் வரையில் பொறுத்திருக்க எனக்கு மனம் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக இந்நகரத்துக் கடைக்காரர்களிடம் பேரம் பேசிப் பழகியவன் நான். பட்டியலில் முதலாவதாக இருந்த “ஐ5 12400” என்ற பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டேன்.

சாலையும் அதன் வரலாறும்

மாட்டுங்காவில் நம்மவர் வசிக்கும் கிழக்குப் பகுதியிலிருந்து நடைபாலத்தைக் கடந்து மேற்கே சென்றால் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன். அங்கிருந்து நின்று நின்று செல்லும் வண்டியில் தாதர், பிரபாதேவி, லோயர் பரேல், மஹாலக்ஷ்மி, மும்பை சென்ட்ரல் ஆகிய ஸ்டேஷன்களைத் தாண்டினால் கிராண்ட் ரோடு வரும். பிரபாதேவி என்பது 2018ஆம் ஆண்டு வரையில் எல்பின்ஸ்டன் ரோடு என வழங்கிய ஸ்டேஷன்தான். கிராண்ட் ரோடில் இறங்கிக் கிழக்கே சிறிது தொலைவு நடந்தால் லாமிங்டன் சாலையை அடையலாம்.

1903 முதல் 1907 வரையில் பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் இச்சாலைக்கு இடப்பட்டது. டாக்டர் தாதாசாஹேப் பட்கம்கர் மார்க் என்பது இதன் இன்றைய அரசாங்கப் பெயர். எனினும் வண்டிக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால்தான் விளங்குகிறது. சாலையின் தெற்கே, 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்த ராயல் ஓபரா ஹவுஸ் இருக்கிறது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த அம்மாளிகை செப்பனிடப்பெற்று 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. இச்சாலையில் இருந்த மினர்வா அரங்கில் 1975இல் வெளிவந்த ‘ஷோலே’ படம் ஐந்து ஆண்டுகள் ஓடியது. அதைப் பார்க்க நண்பர்களுடன் வரிசையில் நின்றவர்களுள் நானும் ஒருவன். அந்த அரங்கம் இப்போது இல்லை.

இன்று அச்சாலையின் இரு மருங்கிலும், அதிலிருந்து பிரியும் சந்துகளிலும், மாடிப்படிகளின் அடியிலுங்கூடக் கம்ப்யூட்டர்ப் பாகங்கள் விற்கும் கடைகள் நெருங்கி அமைந்துள்ளன. அட்டைப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிய கைவண்டிகள் கார்களின் இடையே புகுந்து செல்கின்றன. நடைபாதையில் கம்பிச் சுருள்களும் விசைப்பலகைகளும் காய்கறிபோலப் பரப்பிக் கிடக்கின்றன. “என்ன வேண்டும், அங்கிள்?” என்ற ஹிந்திக் குரல்கள் நான்கு புறமும் ஒலிக்கின்றன.

என் சாமர்த்தியம்

ஒரு சந்தினுள் இருந்த சிறு கடையில் நுழைந்தேன். அங்கிருந்த இளைஞன் முதலில் கேட்ட கேள்வி, “பில்லோடு வேண்டுமா, பில் இல்லாமலா?” என்பதுதான். பில் இல்லாமல் எடுத்தால் 2,000 ரூபாய் குறைவு என்றான். இன்னும் சிறிது பேசி, 9,000 ரூபாய்க்கு முடித்தேன். அவன் ஒரு சிறிய பிளாஸ்டிக் கூட்டில் செயலியை வைத்துக் கொடுத்தான். கம்பெனிப் பெட்டி இல்லை. “சாமான் அதேதான்; பெட்டிக்கு எதற்குக் காசு?” என்றான். எனக்கும் அது சரியென்றே தோன்றியது.

வீட்டுக்கு வந்து பேத்தியின் கையில் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகத்தில் மகிழ்ச்சி தோன்றி, உடனே மறைந்தது. “தாத்தா, இதில் 12400க்குப் பின்னால் எஃப் என்று ஓர் எழுத்து இருக்கிறதே” என்றாள்.

“எழுத்து ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லதுதானே, அம்மா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினாள். இண்டெல் கம்பெனியின் செயலிகளில் அந்த எஃப் எழுத்து இருந்தால், திரையில் படம் காட்டும் பகுதி அச்செயலியில் இயங்காது என்று பொருள். கணக்குப் போடும், ஆனால் போட்ட கணக்கைத் திரையில் காட்டாது. அதற்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். அவள் பட்டியலில் கிராபிக்ஸ் கார்டே இல்லை. அவள் கேட்டது எஃப் இல்லாத 12400. பெட்டியோடு வாங்கியிருந்தால் அதற்குரிய விசிறியும், மூன்று ஆண்டு உத்தரவாதமும் கூடவே வந்திருக்கும். நான் கொண்டுவந்ததில் அவை இரண்டுமே இல்லை.

மறுநாளே அந்தக் கடைக்குச் சென்றேன். “விற்ற சாமானைத் திரும்ப எடுக்கும் வழக்கம் இல்லை” என்று அந்த இளைஞன் கூறிவிட்டான். பில் எங்கே என்று கேட்டிருந்தால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. வழக்காட இடமில்லாதபடி நானே செய்துகொண்ட வேலை அது. அன்று திரும்பும் ரெயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் வாசலருகே நின்றுகொண்டே வந்தேன்.

ஆறு பொருத்தங்கள்

சனிக்கிழமையன்று பேத்தி, “வாருங்கள் தாத்தா, இருவருமாகப் போகலாம். இந்தச் செயலி கெட்டதன்று. இதற்குப் பொருந்தும்படி மற்றவற்றைத் தேர்ந்தெடுப்போம்” என்று என்னை அழைத்துச் சென்றாள். அவள் கையில் இப்போது புதிய பட்டியல் இருந்தது.

அவள் விசாரித்து வைத்திருந்த கடை, முதல் மாடியில் ஒரு வயதான கச்சி வியாபாரியினுடையது. தம் தகப்பனார் காலத்தில் அங்கே ரேடியோ வால்வுகள் விற்றதாக அவர் சொன்னார். எங்களுக்குக் ‘கட்டிங்’ தேநீர் வரவழைத்துவிட்டு, பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தார். “பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஜாதகம் பார்ப்பீர்கள் அல்லவா, சாஹேப்? இதுவும் அதுதான். இரண்டும் நல்ல ஜாதகமாக இருந்தால் மட்டும் போதாது, ஒன்றுக்கொன்று சேர வேண்டும்” என்றார். நாம் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். அன்று நான் அக்கடையில் ஆறு பொருத்தங்களைத் தெரிந்துகொண்டேன்.

முதலாவது, செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் உள்ள பொருத்தம். தாய்ப்பலகையின் நடுவே செயலி அமரும் குழி இருக்கிறது. அதற்குச் சாக்கெட் என்று பெயர். எங்கள் செயலிக்கு உரியது எல்.ஜி.ஏ. 1700, அதாவது 1,700 தொடுமுனைகள் கொண்டது. ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம். 5 என்ற சாக்கெட்டில் 1,718 முனைகள். பதினெட்டுத்தானே வேற்றுமை என்று எண்ணக்கூடாது. ஒன்றில் மற்றொன்று அமரவே அமராது. ஒரே கம்பெனியிலும் தலைமுறைக்குத் தலைமுறை சாக்கெட் மாறும். சாக்கெட் ஒத்துவந்தாலும், பலகைக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள், புதிதாக வந்த செயலியை அறிந்திருக்க வேண்டும். எந்தப் பலகை எந்தச் செயலிகளை ஏற்கும் என்ற பட்டியலைப் பலகை செய்யும் கம்பெனிகள் தத்தம் இணையப் பக்கங்களில் வெளியிடுகின்றன. வீட்டை விட்டுப் புறப்படுமுன் அதைப் பார்த்துவிடுவது நலம்.

இரண்டாவது, பலகைக்கும் நினைவகத்துக்கும் உள்ள பொருத்தம். கடைகளில் இதை ராம் என்பார்கள். இக்காலத்தில் டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என இரு வகைகள் மிகுதியாக விற்கின்றன. இரண்டிலும் 288 தொடுமுனைகளே. நீளமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் நடுவே உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால், ஒன்றுக்குரிய துளையில் மற்றொன்று இறங்காது. எங்கள் 1700 சாக்கெட்டிலேயே, டி.டி.ஆர். 4 ஏற்கும் பலகைகளும் உண்டு, டி.டி.ஆர். 5 ஏற்கும் பலகைகளும் உண்டு. பெயரில் ஓர் எழுத்தே வேறுபடும். ஏ.எம். 5 சாக்கெட்டுக்கோ டி.டி.ஆர். 5 ஒன்றுதான். மேலும், 16 ஜி.பி. கொண்ட ஓர் அட்டையைக் காட்டிலும் 8 ஜி.பி. கொண்ட இரண்டை இட்டால், செயலி இரு வழியாகச் செய்திகளைப் பெற்று விரைந்து வேலை செய்யும்.

மூன்றாவது, சேமிப்பகத்தின் பொருத்தம். கோப்புகளைக் காக்கும் எஸ்.எஸ்.டி. இப்போது சூயிங்கம் பட்டை அளவில் வருகிறது. 2280 என்ற எண், 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடையது எனக் காட்டும். ஒரே உருவத்தில், சாட்டா என்ற பழைய முறையில் பேசுவதும் என்.வி.எம்.இ. என்ற விரைவான முறையில் பேசுவதும் உண்டு. பலகையின் துளை எதை ஏற்கும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது, திரையின் பொருத்தம். என் தவறு நேர்ந்த இடம் இதுவே. பெரியவர் செயலியைத் தம் பலகையில் இட்டுச் சோதித்தார். ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டையும் செருகியபின் திரையில் எழுத்துகள் தோன்றின. “சாமான் குற்றமற்றது. தனியாக வாழத் தெரியாதது, அவ்வளவுதான்” என்றார். பலகையின் துளையிலிருந்தே மின்சாரம் பெறும் சிறிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை 8,000 ரூபாய்க்கு எடுத்தோம். அத்துளை தரக்கூடிய மின்சாரம் 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனிக் கம்பி வேண்டியதில்லை.

ஐந்தாவது, மின்சாரத்தின் பொருத்தம். மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியை இங்கே எஸ்.எம்.பி.எஸ். என்கிறார்கள். கேபினெட்டோடு இலவசமாக வருவதை நம்ப வேண்டாம் என்று பெரியவர் எச்சரித்தார். கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். செயலி உச்ச நிலையில் 117 வாட். கிராபிக்ஸ் கார்டு 75. மற்றவற்றுக்கு ஏறத்தாழ 50. ஆக 242. நல்ல கம்பெனியின் 450 வாட் பெட்டி தாராளமாகப் போதும். இதில் மிச்சம் பிடித்தால், கெடும்போது அது மட்டும் கெடாமல் மற்றப் பாகங்களையும் உடன் இழுத்துச் செல்லலாம் என்றார்.

ஆறாவது, இடத்தின் பொருத்தம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவுப் பலகை 24.4 சென்டிமீட்டர்ச் சதுரம். கேபினெட் அதை ஏற்க வேண்டும். விசிறியின் உயரம் கேபினெட்டின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். முந்திய 1200 சாக்கெட்டில் விசிறியின் திருகுத் துளைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தன. 1700 சாக்கெட்டில் 78 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் வேற்றுமையால் பழைய விசிறி பயன்படாமற் போகும். பெட்டி இல்லாமல் வாங்கிய எங்கள் செயலிக்கு விசிறியையும் விலை கொடுத்தே வாங்கினோம்.

சாப்பாட்டு மேஜையில்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பினாள் பேத்தி. உடம்பில் சேரும் மின்னூட்டம் பாகங்களைக் கெடுக்கும் என்பதனால், கேபினெட்டின் உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டாள். செயலியின் மூலையில் உள்ள முக்கோணக் குறியையும் சாக்கெட்டின் குறியையும் ஒத்துப் பார்த்து, அழுத்தாமல் அமர்த்தினாள். சாக்கெட்டில் உள்ள ஊசிகள் மயிரிழை போன்றவை. வளைந்தால் பலகையே வீணாகும் என்றாள். ராம் அட்டைகளை இருபுறமும் ‘டக்’கென்று ஓசை வரும் வரையில் அழுத்தினாள். பின்னர்ப் பலகையைக் கேபினெட்டில் திருகி, மின்கம்பிகளை இணைத்தாள். என் பங்குக்கு நான் திருகுகளை எண்ணிக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு தடை. புதுத் திரை வாங்க நினைத்திருந்த பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்விட்டது. ஆகவே பரணில் கிடந்த பழைய திரையை இறக்கினோம். அதில் பதினைந்து ஊசிகளைக் கொண்ட வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே இருந்தது. புதிய கார்டிலோ எச்.டி.எம்.ஐ. இணைப்பு. ஏழாவது பொருத்தம் ஒன்றும் இருந்தது என்று அப்போது அறிந்தோம். நல்லவேளையாக, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிறு கருவி எங்கள் தெருக்கோடிக் கடையிலேயே கிடைத்தது.

இரவு எட்டு மணிக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழன்றது. சில கணங்கள் திரை கறுப்பாகவே இருந்தது. என் மருமகள் சமையலறை வாயிலில் கரண்டியுடன் நின்றாள். ஒருவரும் பேசவில்லை. பிறகு வெள்ளை எழுத்துகள் தோன்றின: செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, எல்லாம் சரியாக. பேத்தி திரும்பி என்னைப் பார்த்து, “தாத்தா, எஃப் எழுத்தும் தெரிகிறது, பாருங்கள்” என்றாள். அதன்பிறகுதான் நான் சிரித்தேன்.

கணக்கு

கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். பில் இல்லாமல் வாங்கி நான் மிச்சப்படுத்தியது 2,000 ரூபாய். அதனால் ஏற்பட்ட செலவு, கார்டுக்கும் விசிறிக்குமாக 9,000 ரூபாய். 45,000 ரூபாய் எல்லையை மீறக்கூடாது என்பதனால் புதுத் திரையைக் கைவிட்டோம், 32 ஜி.பி. நினைவகம் வாங்க எண்ணியதை 16 ஆகக் குறைத்தோம். பலகையில் இரண்டு துளைகள் காலியாக உள்ளன. பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆறுதல் கூறிக்கொண்டோம். ஆனால் 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நினைவகத்தின் விலை உலகெங்கும் மளமளவென ஏறிவிட்டது. ஒத்திவைத்த பொருளுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அதனால் அறிந்தேன்.

இதையெல்லாம் என் பேத்தி ஒருமுறையேனும் சொல்லிக் காட்டியதில்லை. தன் சிநேகிதிகள் வரும்போது, “எங்கள் தாத்தா வாங்கிக் கொடுத்தது” என்றுதான் சொல்கிறாள். அதைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியோடு சிறிது வெட்கமும் உண்டாகிறது.

நம்மவர்க்குச் சில வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை செல்ல வேண்டாம். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கடைக்குச் சென்ற பிறகு யோசிக்கலாம் என்று இருக்க வேண்டாம். பட்டியலை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பெயரின் கடைசி எழுத்து வரையில் படித்துப் பாருங்கள். 18 சதவிகித ஜி.எஸ்.டி.யைக் கண்டு அஞ்சாமல், பொருளின் வரிசை எண் குறித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்நகருக்கு வந்த புதிதில் வழி தெரியாத நம் பிள்ளைகளின் கையைப் பிடித்து நாம் சாலையைக் கடந்தோம். லாமிங்டன் சாலையில் அவர்கள் நம் கையைப் பிடித்துக் கடக்கட்டும். அதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை.